தொங்கும் விளக்கும் தொங்கிய நானும்

அடுத்தவர் வீட்டில் ஏணி போட்டு, அண்ணாந்து பார்த்து வேலை செய்கிறவனுக்குக் கீழே நிற்கிற எல்லோருமே மேஸ்திரிதான். வயர்மேன், பெயிண்டர், ஒட்டடை அடிக்கிற கணவன் என்று கழுத்து வலியோடு காலம் தள்ளும் சக பாவிகளே, நான் சொல்வது உங்களுக்கு நன்றாகப் புரியும். நான் ஜெயங்கொண்டத்து வயர்மேன். இருபது வருடமாக அரியலூர், பெரம்பலூர் என்று டூல்ஸ் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு சுற்றுகிறேன்.

ஒரு காலத்தில் எங்கள் பக்கம் புது வீடு கட்டிய எல்லோரும் ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, வட்ட வட்டமாக ஓட்டை வெட்டி, விளக்கை அதற்குள் புதைக்கச் சொன்னார்கள். புதைத்தேன். இப்போது செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, அதே ஆட்கள் அதே விளக்கைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டு மேஜைக்கு மேலே அழகாக ஒன்றைத் தொங்கவிடச் சொல்கிறார்கள். தொங்கவிடுகிறேன். ஏன் என்று கேட்பதற்கு நாம் யார்?

முருங்கைக்காய் சாம்பார்

நான் முதன்முதலில் தொங்குவிளக்கு மாட்டியது அரியலூரில், ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் வீட்டில். கழற்றிய வட்ட விளக்கு உள்ளங்கையில் அடங்கிவிடும். இரண்டு ஸ்பிரிங்கால் பலகையைக் கவ்விக்கொண்டிருந்தது. புதியதோ பித்தளையும் கண்ணாடியுமாக நாலு கிலோ. பலகைக்கு மேலே இருக்கிற கான்கிரீட்டில் துளை போட்டு, போல்ட் இறக்கி, அதிலிருந்துதான் அதைத் தொங்கவிட வேண்டும். எனக்கு அது தெரியும். தெரிந்தும், பலகைமேல் ஒரு மரத்துண்டை வைத்து ஸ்க்ரூ முடுக்கிவிட்டு வந்தேன். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். கான்கிரீட்டைத் துளைத்தால் தூசி கொட்டும்; வாத்தியார் வீட்டு அம்மா அப்போதுதான் வீட்டைத் துடைத்து முடித்திருந்தார். கீழே நிற்பவர் முகம் சுளிப்பாரே என்று பயந்து வேலையைக் கெடுத்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள், கையைத் தூக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் மத்தியானம் போன் வந்தது. விழுந்தடித்து ஓடினேன். விளக்கு, மரத்துண்டு, ஒரு முழம் பலகை எல்லாம் சேர்ந்து நேராகச் சாம்பார்ச் சட்டிக்குள் இறங்கியிருந்தன. வாத்தியார் கை கழுவப் போயிருந்தார், அம்மா அப்பளம் எடுக்கப் போயிருந்தார். இருவர் மேலும் ஒரு கீறல் இல்லை. கண்ணாடியைப் பொறுக்கி, மேஜையைத் துடைத்து, பலகையை மாற்றி, இந்த முறை தூசி பறக்கக் கான்கிரீட்டிலேயே போல்ட் இறக்கி, நானே புது விளக்கு வாங்கி மாட்டினேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அந்த அம்மா திட்டவே இல்லை. சட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: “லைட்டு போனா போவுது தம்பி. இந்த மாசத்துலயே இன்னிக்குத்தான் சாம்பாரு ருசியா வந்திருந்துச்சு.”

நூற்றுப்பத்து கிலோ

நான் ஜெயங்கொண்டம் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. டீக்கடையில் ‘சாம்பார் வயர்மேன்’ என்று பேரே வைத்துவிட்டார்கள். விளக்கு மாட்ட வரச் சொல்லியிருந்த இரண்டு வீட்டிலும் “அப்பறம் பாத்துக்கலாங்க” என்றார்கள். அந்த ‘அப்பறம்’ எப்போது வரும் என்று உங்களுக்கும் தெரியும். நம் தொழிலில் நமக்கென்று இருப்பது ஒரு டெஸ்டரும் ஒரு நல்ல பேரும்தான். டெஸ்டர் தொலைந்தால் கடையில் கிடைக்கும். என்னை நம்பி இனி யாராவது தலைக்கு மேலே ஒன்றைத் தொங்கவிடச் சொல்வார்களா என்று உண்மையாகவே பயந்துபோனேன்.

அப்போது கூப்பிட்டவர் முந்திரி வியாபாரி ரஹீம் பாய். ஆள் நூற்றுப்பத்து கிலோ. “எல்லாம் கேள்விப்பட்டேன். இனிமே நீங்க ஏமாத்து வேல செய்ய மாட்டீங்க, அதான் ஒங்களயே கூப்புட்டேன்” என்றார். வட்ட விளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாகக் கான்கிரீட்டைத் துளைத்து, போல்ட் இறக்கி, கொக்கி மாட்டினேன். விளக்கை எடுக்கக் குனிந்தால் பாய் தடுத்துவிட்டார். “அது அப்பறம். மொதல்ல நீங்க தொங்குங்க.” தோளில் கிடந்த துண்டைக் கொக்கியில் கோத்து, இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு தொங்கினேன். பத்து வரை எண்ணினார். அதிலும் திருப்தி இல்லை. என்னை இறக்கிவிட்டு அவரே துண்டைப் பிடித்தார். “யா அல்லாஹ்” என்று ஸ்டூலைக் காலால் தள்ளினார். கொக்கி அசையவே இல்லை. கால் இரண்டும் ஆட, தாடி முழுக்க சிமெண்டுத் தூசியோடு பாய் சின்னப் பையன் மாதிரி சிரித்தார். எனக்கு சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. சத்தம் கேட்டு அவர் மனைவி அடுப்படியிலிருந்து வந்தார். ஒரு நிமிடம் நின்று பார்த்தார். “போதும் எறங்குங்க. கொக்கி ஒங்களத் தாங்கிருச்சு, அந்த ஸ்டூலு தாங்குமான்னு பாத்து கால வைங்க.”

தலையில் இடிக்கிற உயரம்

அன்றிலிருந்து என் டூல்ஸ் பையில் ஒரு கெட்டியான துண்டும் சேர்ந்துகொண்டது. எந்த வீட்டிலும் முதலில் நான் தொங்குவேன், பிறகுதான் விளக்கு. திருமானூரில் கரும்பு விவசாயி கலியமூர்த்தி வீட்டிலும் அப்படித்தான் தொங்கி முடித்துவிட்டு, மேஜை எங்கே என்று கேட்டேன். மேஜைக்கு மேலே இரண்டரை அடி விட்டு விளக்கு தொங்க வேண்டும் என்பது கணக்கு. மேஜையைக் காட்டினார்கள். அதன்மேல் ஒரு விதைநெல் மூட்டை, மிக்சி, ஹெல்மெட், கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஒன்று. “இதுலயா சாப்புடுறீங்க?” என்றேன். “மேசையில ஒக்காந்தா சாப்புட்ட மாதிரியே இருக்காதுங்க, கீழதான்” என்றார். சொன்னதோடு நிற்காமல் விளக்குக்குக் கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். எதிரில் அவர் மனைவி தட்டை வைத்தார். தட்டில் இருப்பது தெளிவாகத் தெரிகிற வரை வயரை இறக்கச் சொன்னார்கள். நடக்கிறவர்கள் தலையில் இடிக்கும் என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் “எறக்குங்க” என்றார்கள். இறக்கிவிட்டுத் திரும்பினேன், முதல் இடி எனக்கே விழுந்தது.

ஒரு மாதம் கழித்து அதே வீட்டுக்கு மோட்டார் ஸ்டார்ட்டர் பார்க்கப் போனபோது மறுபடியும் இடித்துக்கொண்டேன். கலியமூர்த்தி நெற்றியிலும் ஒரு வீக்கம் இருந்தது. பாவமாகப் போய்விட்டது. “ஒரு அடி ஏத்திவிட்டுடட்டுமா?” என்று கேட்டேன். அவர் சரி என்று வாயெடுப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டார்: “ஏத்தவே வேணாம். இடிச்சாத்தான் வர்றவங்க எல்லாம் இது எங்க வாங்குனதுன்னு கேக்குறாங்க, இல்லன்னா யாரு நிமுந்து பாக்குறா?”

கழற்றிய விளக்கு

கழற்றிய வட்ட விளக்கை எங்கள் பக்கம் யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். பெரம்பலூர் பக்கத்தில் ஓர் அம்மா அதை மாட்டுக் கொட்டகையில் புதைத்துத் தரச் சொன்னார். தகரக் கூரையில் எங்கே புதைப்பது? ஒரு பலகையில் ஓட்டை போட்டு, விளக்கை அதில் பொருத்தி, பலகையை இரும்புக் குழாயோடு இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். மறுநாள் விடிந்ததும் அவரிடமிருந்து போன். விழுந்துவிட்டதோ என்று வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே எடுத்தேன். விழவில்லை. “இத்தன நாளா இருட்டுல தெரியலங்க, இந்த மாடு நம்மள மொறைச்சிக்கிட்டேதான் பால் குடுத்திருக்கு.”

மீன்சுருட்டியில் ஒரு கொக்கி

மீன்சுருட்டியில் கார்த்திக் என்ற இளைஞர். பிரசவத்துக்குப் போன மனைவி கவிதா, ஐந்து மாதப் பையனோடு அன்று சாயந்திரம் திரும்பி வருவதாக ஏற்பாடு. வரும்போது விளக்கு எரிய வேண்டும், அவளுக்குத் தெரியக் கூடாது என்றார். எனக்கு அந்த ஆசை பிடித்திருந்தது. பதினோரு மணிக்குக் கொக்கி மாட்டி, வழக்கப்படி துண்டைக் கோத்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சாயந்திரம் வர வேண்டிய கவிதா, தோளில் பையனோடு உள்ளே வந்தார். கணவனைப் பார்க்கவில்லை, பெட்டியில் இருந்த விளக்கைப் பார்க்கவில்லை, தொங்குகிற என்னைத்தான் பார்த்தார்.

“அண்ணே, அந்தக் கொக்கி ஒங்களத் தாங்குதுல்ல?”

“தாங்குதும்மா.”

“அப்ப லைட்டு வேணாம். தொட்டில் கட்டிருவோம்.” கணவன் பக்கம் திரும்பினார். “எங்கம்மா வூட்டுல உத்தரத்துல கட்டித்தான் இவன் தூங்குனான். இங்க வூடு பூரா சீலிங்கப் போட்டு மறைச்சீங்களே, புள்ளைக்கு ஒரு கொக்கி வுட்டீங்களா?”

கார்த்திக் முகம் மாறிவிட்டது. அவர் வேலை பார்ப்பது அரியலூரில். என் காதோரம் வந்து, “தப்பா நெனைக்காதீங்கண்ணே, அங்க சாம்பார்ல ஒரு லைட்டு விழுந்துச்சாமே...” என்று இழுத்தார். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். கேட்கிறது ஒரு குழந்தையின் அப்பா. “நான்தான்” என்றேன். அங்கே பலகையில் மாட்டியதையும், இங்கே கான்கிரீட்டில் போல்ட் இறக்கியிருப்பதையும் இருவருக்கும் கேட்கும்படி சொன்னேன். கவிதா பையனை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் அன்றோடு ஏணியை விற்றிருப்பேன்.

“இப்ப எப்படி இருந்தா ஒங்களுக்கு மனசு ஒப்பும்?” என்று அவர் என்னையே கேட்டார். அரைமணி நேரம் அவகாசம் கேட்டேன். ஓட்டையை அகலமாக்கி, இரண்டாவது போல்ட் இறக்கி, இரண்டையும் ஓர் இரும்புப் பட்டையில் கோத்துக் கொக்கியை அதில் மாட்டினேன். வயர் நுனிகளுக்கு டேப் சுற்றி, சீலிங்குக்கு மேலே தூரமாகத் தள்ளிக் கட்டினேன். நான் தொங்கினேன். கார்த்திக் தொங்கினார். பிறகு ஒரே துண்டில் இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினோம். அதைப் பார்த்துக் கவிதா சிரிக்க, அம்மா சிரிக்கிறாளே என்று பையனும் சிரித்தான்.

மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் பழைய பருத்திச் சேலையைக் கவிதாவே கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். பையனைப் போட்டு ஆட்டினார். ஒரு தடவை, இரண்டு தடவை, பத்துத் தடவை. நான் எப்போது தரையில் மண்டியிட்டேன், எப்போது தொட்டிலுக்கு அடியில் இரண்டு கையையும் ஏந்தினேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. கவிதாதான் தொட்டிலிலிருந்து கையை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “கைய எடுங்கண்ணே, புள்ள தூங்கிட்டான். நான் குளிச்சிட்டு வரேன், நீங்க காப்பி குடிங்க.”

எத்தனையோ வீட்டில் எத்தனையோ விளக்கு மாட்டிவிட்டேன், ஆனால் விழவே விழாது என்று நான் அடித்துச் சத்தியம் செய்யக்கூடியது, மீன்சுருட்டியில் பெட்டியை விட்டு இன்னும் வெளியே வராத அந்த ஒரு விளக்குக்கு மட்டும்தான்.