ரேமுக்குத் தடவிய கிரீஸ்

போன வாரம் என் அண்ணி ஒரு பொய் சொன்னார். எனக்காக. நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணிக்கு எங்கள் மீனவ ஊரான தோணிரேவில் ஜெராக்ஸ் கடை. ஒரு டெஸ்க்டாப், ஒரு பிரிண்டர்... அவ்வளவுதான். பரீட்சை ரிசல்ட், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஊரே அங்கேதான் வரும். அந்த டெஸ்க்டாப் நாலு ஜிபி ரேமில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நானே பெரிய ரேம் போட்டுத் தருகிறேன் என்று மார்தட்டியது யார்? நான்தான்.

ரேமைத் தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை. அந்த மதர்போர்டுக்கு டிடிஆர் ஃபோர் வகைதான் பொருந்தும் என்று பார்த்து, பொன்னேரியில் ஒரு கடையில் எட்டு ஜிபி வாங்கினேன். பவரைப் பிடுங்கிப் பழையதைக் கழற்றினேன். புதிய ரேமின் விளிம்பில் மினுமினுத்த காண்டாக்ட்டுகளைப் பார்த்ததும் என் புத்தி வேலை செய்தது. எங்கள் உப்புக்காற்றில் எதுதான் துருப்பிடிக்காது? படகு இன்ஜினில் ஒயர் ஜாயின்ட் முழுக்க கிரீஸ் தடவாமல் நாங்கள் கடலுக்குப் போவதில்லை. அண்ணன் படகிலிருந்து டப்பாவை எடுத்துவந்து, தாராளமாகத் தடவி, ஸ்லாட்டில் அழுத்தினேன்.

ஸ்க்ரீன் வரவில்லை. பீப் சத்தம் மட்டும். பழைய ரேமைத் திரும்பப் போட்டாலும் அதே கதை. கடை வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். பொன்னேரிக் கடைக்காரன் டுபாக்கூர் ரேமைத் தலையில் கட்டிவிட்டான் என்று அண்ணியிடம் அடித்துச் சொன்னேன்.

அண்ணி கம்ப்யூட்டரைப் பழைய புடவையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு என்னோடு பஸ்ஸில் வந்தார். பொன்னேரிக் கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு, பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பதாகச் சொல்லி, ஸ்டூல் போட்டார். அண்ணி சத்தமாக நியாயம் கேட்டார். கடைக்காரர் ரேமை உருவினார். தன் விரலைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, யாரு கிரீஸ் வெச்சது?"

அண்ணி என் முகத்தைப் பார்த்தார்.

"நான்தான் வெச்சேன். உப்புக்காத்துல துரு புடிக்கும்னு..."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கிரீஸ் கரன்ட்டைத் தடுக்கும் என்று கடைக்காரர் அண்ணிக்குப் பாடம் எடுத்தார். அண்ணி தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். பக்கத்தில் நான் — எல்லாம் முன்பே தெரிந்தவன்போலத் தலையாட்டினேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ரேமையும் ஸ்லாட்டையும் துடைத்துப் போட்டதும் கம்ப்யூட்டர் ஓடியது. திரும்பும் பஸ்ஸில், திருப்பாலைவனம் ஊரைத் தாண்டியதும் அண்ணி சொன்னார்.

"உனுக்குன்னு ஒரு பேரு இருக்குது, தம்பி. பொன்னேரில என்னைய யாருக்குத் தெரியும்?"

கடைக்காரரே, தவறாமல் படிப்பீர்களே... தடவியது நான்.