யாகூப் பாயின் தகடு

ரப்பர் கையுறையின் ஐந்து விரல்களிலும் முருங்கைக்காய்த் துண்டுகளைச் செருகி, மாட்டுத்தீவனம் வெட்டும் மெஷினின் வாய்க்குள் தள்ளுகிறார் யாகூப். உருளைகள் கவ்வி இழுக்கின்றன. மேலே தொங்கும் தகட்டைக் கையுறையின் புறங்கை தூக்கியதும் ‘டக்’கென்று உருளைகள் நின்று, பின்புறமாகச் சுழன்று, கையுறையை வெளியே துப்புகின்றன. ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்க்கிறார். கீறல் இல்லை. இன்றைக்கு இது நாற்பத்தோராவது முறை.

“ஏனுங்க, அந்தக் காயையாச்சும் விட்டு வையுங்க. சாம்பாரெல்லாம் ரப்பர் வாசம்” என்கிறார் மனைவி ஹபீபுன்னிசா.

கணபதிப் பகுதியில் ஒற்றை லேத் போட்ட பட்டறை அவருடையது. அளவுகளை இடது முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக்கொள்வார். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்பு மட்டும் அவை நோட்டுக்கு மாறும். இதுவரை மூன்று காப்புரிமைகள். முதல் இரண்டின் சான்றிதழ்களும் ஃபியூஸ் பெட்டிக்குக் கீழே தொங்குகின்றன. அந்த இரண்டு கண்டுபிடிப்புகளையும் எவரும் வாங்கவில்லை.

மூன்றாவதற்குக் காரணம் தொண்டாமுத்தூர் ராசாத்தாள். நான்கு வருடங்களுக்கு முன் பிளேடு சாணை பிடிக்க வந்தவரின் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. “மிசின் நல்லாத்தானுங்க ஓடுது. நாந்தான் கவனமில்லாம இருந்துபோட்டேன்” என்றார் அவர். யாகூப்புக்குச் சுள்ளென்று ஏறியது.

“கவனம் எல்லாருக்குந்தானுங்க பிசகும். அதுக்கு வெரலையா எடுக்கறது?”

அந்தத் தகடு பிறக்க இரண்டு வருடங்கள் ஆயின. காப்புரிமை விண்ணப்பத்துக்கு வந்த ஆட்சேபத்தை மகள் ஃபர்சானா தமிழில் படித்துச் சொன்னாள்: இத்தொழில் தெரிந்த எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியது. வீடியோ விசாரணையில் வக்கீல் இல்லாமல் உட்கார்ந்த யாகூப், “தோணியிருந்தா யாராச்சும் செஞ்சிருப்பாங்களே சார்? இத்தனை வருசமா வெரலுதானுங்களே போயிட்டிருக்குது?” என்றார். அத்தோடு விடவில்லை, பழைய மெஷின்கள் பதினேழின் வரைபடங்களை ஒவ்வொன்றாகக் கேமராவுக்குக் காட்டி, இதே யோசனை எதில் இருக்கிறது என்று கேட்டார். ஏழு மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது.

போன வாரம் ஒரு பெரிய கம்பெனியின் மேலாளர் பாலகோபால் ஒப்பந்தத் தாள்களோடு வந்தார்.

“பாய், தகடு இருந்தா கட்டு கட்டாச் சோளத்தட்டைத் திணிக்க முடியாது, வேலை மெதுவாகும்னு டீலருங்க சொல்றாங்க. அதைத் தனியா, எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்கா வெச்சுக்கலாமுங்க. வேணுங்கறவங்க வாங்கிக்கட்டும்.”

“வெரலு என்ன எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்குங்களா, தம்பி?”

“நீங்க மாசத்துக்கு ரெண்டு மெஷின் செய்வீங்க. நாங்க ரெண்டாயிரம் செய்வோம். யோசிங்க.”

யாகூப் யோசிக்கத்தான் செய்தார். ரெண்டாயிரம் தொழுவங்கள், ரெண்டாயிரம் ஜோடிக் கைகள். தாள்களை ஒருமுறை புரட்டி, ஓரம் கசங்காமல் திருப்பிக் கொடுத்தார்.

“தகடு இல்லாத ரெண்டாயிரத்தை இப்பவே செஞ்சுட்டுத்தானுங்களே இருக்கறீங்க? அதுக்கு எம்பேரு எதுக்குங்க?”

ராசாத்தாளுக்குப் போகவேண்டிய புது மெஷின் ஓரமாக நின்றது. அதில் தகட்டின் கீலைப் பிடித்திருந்தவை நான்கு போல்ட்டுகள். யாகூப் முகமூடியை இறக்கி, வெல்டிங் ராடைப் பற்றவைத்தார். வெளிச்சம் தாங்காமல் பாலகோபால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்கு நட்டுகளும் போல்ட்டோடு உருகி ஒன்றாயின. கசடைத் தட்டி உதிர்த்து, சூடு ஆறும்வரை காத்திருந்து, ஸ்பேனர் ஒன்றைத் தேடி எடுத்து, துணியால் துடைத்து, பாலகோபாலிடம் நீட்டினார்.

“கழட்டிப் பாருங்க.”