பொட்டு வைத்த ரீல்

தூண்டில் ரீலுக்கு விபூதிப் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, சொம்புத் தண்ணீரைத் தலையோடு ஊற்றிய மடையன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அதுவும் என் ரீல் இல்லை. மச்சானுடையது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். எங்களுக்குள் ஆகாது. கல்யாணப் பந்தியில் எனக்கு இரண்டாம் தடவை பாயசம் வந்ததைப் பார்த்தாரே, அப்போதிருந்தே ஆகாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் காரைக்குடியிலிருந்து தொண்டிக்குத் தூண்டில் போடப் போவார். எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு, கார் கிடையாது. ஆகையால் முகத்தைத் திருப்பிக்கொண்டே அவர் வண்டியில் போய்வந்தேன்.

அதையும் நானே கெடுத்துக்கொண்டேன். மதுரையில் தங்க நிறத்தில் ஒரு ரீல் வாங்கினேன். பன்னிரண்டு பேரிங் என்று பெட்டியில் போட்டிருந்தது. மச்சான் அதை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"பேரிங்க எண்ணத் தெரிஞ்சுச்சுல்ல, கைப்பிடிய ஆட்டிப் பாத்தீகளா? கழுத்தறுத்த கோழியாட்டம் ஆடுது. பாடியத் தட்டிப் பாத்தீகளா? சோப்பு டப்பா."

"ஒங்க ரீல்ல நாலு பேரிங்தான மச்சான்?"

"நாலும் வேலை செய்யுது. ஆபீசுல ஒங்களையும் சேத்துப் பன்னெண்டு பேரு இருக்கீக, வேலை நடக்குதா?"

கடல்தண்ணீர் பட்ட ரீலை ஈரத்துணியால்கூடத் துடைக்காமல் பையில் போட்டு வைத்தேன். மூன்றாம் வாரம் உப்புப் பூத்து, பாதிச் சுற்றில் பூட்டிக்கொண்டது. நான் பலம் கொண்ட மட்டும் இழுத்ததில் என் தூண்டில் நரம்பு போய் அவர் நரம்போடு சிக்கியது. அன்றோடு காரில் எனக்கு இடம் போயிற்று.

ஆடி மாதம் மகள் பிரசவத்துக்காக மச்சான் சிங்கப்பூர் கிளம்பினார். பூட்டிய வீட்டில் எலித் தொல்லை என்று ரீலைக் கொண்டுவந்து தங்கையிடம் கொடுத்தார். "பீரோவுல வையி. இவரு கையில மட்டும் குடுத்துராத."

என் மனைவிக்குச் சுருக்கென்றது. "அவுகளும் மனுசருதாண்ணே."

மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, இவரே பாக்கட்டும். நான் வரும்போது இது இப்பிடியே இருந்தா ஞாயித்துக்கெழம முன் சீட்டு. இல்லாட்டி என் காரு நெழல்லகூட நிக்கக் கூடாது. மீன் இழுக்கும்போது நரம்ப ஓடவிடாமப் பிடிக்கிறது இந்த டிராக் திருகு. சும்மா இருக்கையில தளந்தே இருக்கணும், இறுக்கி வச்சா உள்ள இருக்கிற பஞ்சு வட்டு நசுங்கிப்போகும். மாசம் ஒருக்கா ஈரத்துணி. கைப்பிடி மூட்டுல எண்ணெய் ஒரு சொட்டு. ஒரு சொட்டு, மாப்பிள்ளை. வடை சுடச் சொல்லலை."

இரண்டு மாதம் ஒரு சொட்டுக்கு மேல் விடவில்லை. பிறகு ஆயுத பூஜை வந்தது.

மிக்ஸி, அரிவாள்மனை, தையல் மிஷின், என் ஸ்கூட்டர் எல்லாம் பொட்டோடு வரிசையாக நின்றன. பகையாளி பொருள் என்று இதை மட்டும் பீரோவில் பூட்டி வைப்பது எனக்குச் சின்னத்தனமாகப் பட்டது. அண்ணன் ரீலை இவர் எப்படித் தாங்குகிறார் பார் என்று மனைவி நினைக்கட்டும் என்ற ஆசையும் இருந்தது. எடுத்து வைத்து, பட்டை போட்டு, மூன்று இடத்தில் குங்குமம் வைத்தேன். எல்லாவற்றுக்கும் தெளித்த தண்ணீரை இதற்குக் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன்.

மறுநாள் சுற்றினால் அம்மியில் மணலை அரைக்கிற சத்தம். பயந்துபோய், டிராக் திருகைக் கழற்றித் தையல் மிஷின் எண்ணெயில் பாதிப் பாட்டிலை மேலேயிருந்து கவிழ்த்தேன். சத்தம் அடங்கிவிட்டது. வெளியே துடைத்துப் பளபளவென்று பீரோவில் வைத்தேன். மனைவியிடம் மூச்சு விடவில்லை.

தீபாவளிக்கு முன்னால் மச்சான் வந்தார். பளபளப்பைப் பார்த்தார், காரின் முன் கதவைத் திறந்துவிட்டார். தொண்டி வரை நான்தான் பேசிக்கொண்டு போனேன்.

இரண்டாம் வீச்சிலேயே மாட்டியது. கொடுவா. ஒரு தரம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பி விழுந்தது. கைக்குழந்தை கனம் இருக்கும். நரம்பு ஓட, மச்சான் டிராக்கை இறுக்கினார். பிடிக்கவில்லை. இன்னும் இறுக்கினார். நரம்பு ஓடிக்கொண்டே இருந்தது. கடைசி முடிச்சு வரை ஓடி, பட்டென்று அறுந்தது.

காரின் பானெட் மேல் துண்டை விரித்து ரீலைப் பிரித்தார். பஞ்சு வட்டு எண்ணெயில் ஊறிய வடையாக வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"என்ன இது, செவப்பா?"

"குங்குமம், மச்சான்."

"ரீலுக்கா?"

"ஆயுத பூஜைக்கு. மிக்ஸிக்கும் வச்சோம்."

"மிக்ஸிக்கு வெளிய வச்சிருப்பீக."

"இதுக்கும் வெளியதான் வச்சேன். அபிஷேகத்துல உள்ள எறங்கிருச்சு."

வாய் கிழியத் திட்டுகிற மனிதர் ஒவ்வொரு துண்டாகத் துணியில் சுற்றி எடுத்து வைத்தார். என் வீட்டு வாசலில் இறங்கி, கண்ணாடிப் பக்கம் குனிந்தேன்.

"வர்ற ஞாயித்துக்கெழம நான் எதையும் தொட மாட்டேன், மச்சான். பின்னாடி ஒக்காந்து வாரேன். ஒங்க பைய மட்டும் தூக்கிக்கிறேன்."

கியரைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"பை எனக்குக் கனக்கலை."