வகுப்பில் முதல் பிள்ளைக்கு வயிற்று வலி

பள்ளிக்கூடத்தில் ஆலோசனை ஆசிரியை என்றால், படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்கிறவள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என் அறைக்கு அதிகம் அழுதுகொண்டு வருவது படிப்பு தானாகவே ஏறுகிற பிள்ளைகள். பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் உங்களுக்கும் இது விளங்கும். ஓட்டமாவடி ஊர்ப் பிள்ளை சஹ்ராவை மட்டும் சொல்கிறேன்.

கடையில் ஒரு காட்சி

சஹ்ராவுக்குப் பத்து வயது. எவ்வளவு பெரிய பெருக்கலையும் மனதாலேயே செய்துவிடுவாள். தகப்பனுக்குப் புடவைக்கடை. பின்னேரங்களில் அவளைப் பக்கத்தில் நிறுத்தி, "எந்தக் கணக்கெண்டாலும் கேளுங்க" என்பார். அவள் விடை சொல்வாள்; வந்தவர்கள் போனில் சரிபார்த்துக் கைதட்டுவார்கள். கொஞ்ச நாளில் அவளுக்குக் காலையில் வயிற்று வலி வரத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். வகுப்பாசிரியை என்னிடம் அனுப்பினார்.

வலி எப்போது கூடுகிறது என்று கேட்டேன். நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "ஒரு நாளைக்கு விடை பிழைச்சிரும் டீச்சர். அப்ப வாப்பாட முகம் எப்படிப் போகுமெண்டு நினைக்கக்குள்ள வலிக்கும்."

அவள் கேட்ட கேள்வி

என் அறையில் பதில் சொல்லத் தேவையில்லை, கேள்வி மட்டும் கேட்கலாம் என்றேன். அவள் கேட்டாள்:

"ஏழு, பதினொண்டு, பதிமூண்டு மாதிரி எதாலயும் பிரிக்க ஏலாத எண்கள் இரிக்கிதானே. போகப்போக அதுகள் குறையுது. ஒரு இடத்தில முடிஞ்சிருமா?"

யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. படுக்கையில் கிடந்தபடி தானே எண்ணிப் பார்த்திருக்கிறாள். நான் தமிழ் படிப்பித்தவள், தெரியாது என்றேன். ஒரு கண்ணாடிப் பாத்திரம் விழுந்தும் உடையாததைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். "தெரியாதெண்டு சொன்னா உங்களுக்கு ஒருத்தரும் ஏசமாட்டாங்களா டீச்சர்?"

வாப்பாவின் முகம்

தகப்பனைக் கூப்பிட்டுப் பேசினேன். "நான் பிள்ளைக்கு ஒரு நாளும் ஏசினதில்ல டீச்சர்" என்றார், கண் கலங்கி. உண்மைதான். பிள்ளையின் கணக்கு ஒரு நாளும் பிழைத்ததில்லை. பிழைத்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிய ஒரு வழியும் இருக்கவில்லை. அன்றோடு கடைக் காட்சியை நிறுத்தினார்.

சில வாரம் கழித்துத் துணி எடுக்கப் போயிருந்தேன். சங்கதி தெரியாத பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் சஹ்ராவிடம் ஒரு பெருக்கல் கேட்டார். தகப்பன் தடுக்கமுன் அவளே விடை சொல்லிவிட்டாள். போன் வேறு விடை காட்டியது. சஹ்ரா மெல்லத் தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். அவர் துணியை மடித்துக்கொண்டே, "தேத்தண்ணி குடிப்பமா மகள்?" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பிக் கடை அதிரச் சிரித்தாள்: "பிழைச்சிட்டு டீச்சர், ஒண்டும் நடக்கல்ல!"

ஆலோசனை ஆசிரியை என்ற பெயர் இன்னும் எனக்குத்தான். அறைக்குள்ளே சஹ்ராவும் நானும் யாருக்கு யார் ஆலோசனை சொல்கிறோம் என்று பள்ளிக்கூட அதிபர் எட்டிப் பார்க்காதவரைக்கும் கவலையில்லை.