சென்னிமலையில் ஹிட்லருக்கு ஒரு ‘ங்க’

போன மாதம் இந்த வலைப்பதிவில் வழக்கத்துக்கு மாறாக அரசியல் எழுதினேன். பஸ் நேரமும் ஓட்டலும் தேடி வருகிறவர்கள் பாதியிலேயே ஓடியிருப்பீர்கள். நம் காலத்துத் தலைவர் ஒருவரை ஹிட்லரோடும் முசோலினியோடும் வரிசையாக ஒப்பிட்டிருந்தேன். யார் என்பது அந்தப் பதிவிலேயே இருக்கிறது, இங்கே வேண்டாம். அதைப் பார்த்துவிட்டு வந்த ஒரு போன்தான் இந்தப் பயணத்துக்குக் காரணம்.

போன் செய்தவர் நித்யாவின் அப்பா. நித்யாவுக்கும் எனக்கும் பேசி முடித்து, இந்த மாதக் கடைசியில் நிச்சயதார்த்தம். அவருக்குச் சென்னிமலையில் விசைத்தறிக் கூடம். கூடத்து வாசலில் அந்தத் தலைவரின் படம் ஆள் உயரத்துக்கு நிற்கும். “நீங்க எழுதுனதப் பாத்தேனுங்க மாப்ளை. ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வாங்க, பேசோணும்” என்றார். குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை நிறுத்தினாலும் மரியாதைக்கு ‘ங்க’ போட்டுத்தான் நிறுத்துவார்கள்.

துடியலூரில் காலை ஆறரைக்குக் கிளம்பி, காந்திபுரத்தில் ஈரோடு பஸ் பிடித்தேன். பெருந்துறையில் இறங்கி டவுன் பஸ். ஏறக்குறைய தொண்ணூற்றைந்து கிலோமீட்டர், மூன்று மணி நேரம். அவிநாசி தாண்டும் வரை ஜன்னலுக்கு வெளியே எதையும் பார்க்கவில்லை. என்ன சொல்லித் திட்டுவார், நான் என்ன பதில் சொல்வது என்று மனசில் இதே ஓட்டம்தான்.

டவுன் பஸ் கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “ஏனுங்க, மலைக் கோயிலுக்குங்களா, பெட்ஷீட் எடுக்கறதுக்குங்களா?”

“திட்டு வாங்கறதுக்குங்க.”

“அதுக்கும் அதே டிக்கெட்தானுங்க.”

மாமா வாசலிலேயே நின்றார். சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். எனக்குக் குழப்பம்.

“நம்ம தலைவரக் கொண்டுபோயி ஹிட்லரோட நிறுத்திப்போட்டீங்களே மாப்ளை! தலைப்பப் பாத்ததுமே கூட்டாளிகளுக்கெல்லாம் அனுப்பிப்போட்டேன். ஹிட்லர்னா, அவரு எப்பேர்ப்பட்ட ஆளுங்க! ஒரே உத்தரவு, நாடே எந்திரிச்சு நின்னுச்சு. அப்படி ஒருத்தரு நமக்கு வேணும்னு எத்தன வருசமாச் சொல்லிட்டிருக்கறேன்!”

பாராட்டு என்று நினைத்திருக்கிறார். தலைப்புக்குக் கீழே ஒரு வரியும் படிக்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற நித்யா வாயைப் பொத்திக்கொண்டாள். யோசித்தால் இதில் அதிசயம் இல்லை. நாங்களே கல்லூரியில் கண்டிப்பான துறைத் தலைவருக்கு ஹிட்லர் என்றுதான் பெயர் வைத்திருந்தோம், அதில் பாதி மரியாதை. நம் ஊரில் அந்தப் பெயர் ஒரு பிரம்பு, அவ்வளவுதான்.

வாயை மூடிக்கொண்டு காப்பியைக் குடித்திருந்தால் எல்லாம் சுபம். எனக்கு அது வராது.

“மாமா, நான் பாராட்டலைங்க. திட்டித்தான் எழுதினேன்.”

சிரிப்பு நின்றது. “திட்டியா?”

நான் பம்ப் கம்பெனியில் அதிர்வு சோதிக்கிறவன். அந்த வழியில்தான் சொன்னேன். “பேரிங் போறதுக்கு முன்னாடி மோட்டார் ஒரு சத்தம் குடுக்குமுங்க. அங்கயும் இங்கயும் நான் கேட்ட சத்தம் இதுதானுங்க: எதுத்துப் பேசுனா தேசத்துரோகி, எழுதுனா பொய்யன், எல்லாப் பழியும் ஒரு கூட்டத்து மேல. எரிஞ்சு போன மோட்டாரும் ஓடற மோட்டாரும் ஒண்ணுன்னு நான் சொல்லலை. சத்தம் ஒண்ணுங்கறேன்.”

“சத்தம் வர்ற தறியெல்லாம் எரிஞ்சு போறதில்லீங்க. எண்ணெ உட்டா ஓடும்.”

“உடறதுக்கு முன்னாடி, சத்தம் வருதுன்னு ஒருத்தன் சொல்லோணுங்களே.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்படி என்னதானுங்க பண்ணிப்போட்டாரு அந்த ஹிட்லரு? சண்டைல தோத்தாரு, அவ்வளவுதான?”

பதில் சொன்னது நித்யா. “அப்பா, ஊடு ஊடாப் போயி யூதருங்களப் புடிச்சு ரயில்ல ஏத்துனாங்க. வயசானவங்க, கைக்கொழந்தை, ஆரையும் உடலை. எறக்குன எடத்துல வெசவாயு.”

“கொழந்தைகளயுமா கண்ணு?”

“ஆமாங்கப்பா.”

“எதுக்கு?”

“அந்த எனத்துல பொறந்ததுக்கு.”

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “கல்யாணம் முடியற வரைக்குமாச்சும் இதெல்லாம் எழுதாம இருப்பீங்களா?”

“முடியாதுங்க மாமா.”

“அதப் படிச்சுட்டுத்தானப்பா நான் சரின்னதே” என்றாள் நித்யா. “அதுல ரெண்டு எடம் தப்பு. அது வேற சண்டை.”

அவர் எழுந்து உள்ளே போனார். நான் செருப்பு எங்கே கழற்றினேன் என்று யோசிக்க ஆரம்பித்தேன். பத்து நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தார். “எலை போட்டாச்சு. வாங்க, ஆறிப்போகும்.”

சாப்பாட்டில் அரசியல் இல்லை. பிறகு அவரே காரில் மலைப்பாதையில் கூட்டிப்போனார், நித்யாவும் வந்தாள். மேலே நல்ல காற்று. எந்தக் கடையில் பெட்ஷீட் சாயம் போகாது என்று மட்டும் பேசினார். நான் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பஸ் நிலையத்தில்தான் மூச்சு விட்டேன். “நிச்சயத்துக்கு உங்க ஊட்டுல எத்தன பேருங்க வருவீங்க? சமையல்காரருக்குச் சொல்லோணும்” என்றார். அந்த நிமிடம் முதுகிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. பஸ் நகரும்போது ஜன்னல் பக்கம் வந்தார்.

“மாப்ளை, நான் ஓட்டு அவருக்குத்தான் போடுவேன். நீங்க எழுதறதுன்னா எழுதுங்க. ஆனா அந்தப் படுபாவியோட மட்டும் சேத்தாதீங்க. கொழந்தைகளக் கொன்னவன் அவன்.”

ஹிட்லர் காலையில் ‘அவரு’. சாயங்காலம் ‘அவன்’. எனக்கு இன்னும் ‘ங்க’ இருந்தது. பெருந்துறை வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். போகும்போது பார்க்காத வயல்களை எல்லாம் திரும்பும்போது பார்த்தேன்.

போகிறவர்களுக்கு: போக வர டிக்கெட் எனக்கு இருநூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்தது. ரயிலில் ஈரோடு போய்த் திரும்பி வருவது வீண் சுற்று, பெருந்துறையிலேயே இறங்குங்கள். மலைக்குப் படியும் உண்டு, சாலையும் உண்டு. படி என்றால் வெயிலுக்கு முன்னால் ஏறுங்கள். பெட்ஷீட்டை மலை இறங்கிய பிறகு வாங்குங்கள், கனம்.

எழுதுகிறவர்களுக்கு: ஹிட்லர் என்று எழுதிவிட்டால் திட்டு என்று எல்லோருக்கும் புரிந்துவிடும் என நம்பாதீர்கள். போன பதிவில் ஒப்பீட்டிலிருந்து ஒரு வரியும் எடுக்கவில்லை. தலைப்புக்கு மேலேயே ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன், அவன் என்ன செய்தான் என்று.