மக்னீசியத்தின் இரண்டு வளையல்கள்

பத்தாம் வகுப்பில் டீச்சர் என் சிநேகிதியை மக்னீசியம் ஆக்கினார், என்னைக் குளோரின் ஆக்கினார். அதுவரை சரி. இன்னொரு குளோரினாக, போடிமெட்டுப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து அந்த வருடம்தான் வந்து சேர்ந்தவளை நிறுத்தினார் பாருங்கள், எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பள்ளி அறிவியல் விழாவுக்கான நாடகம் அது. அணுவின் வெளிச்சுற்று எலக்ட்ரான்களுக்குப் பதில் கண்ணாடி வளையல்கள். மக்னீசியத்தின் கையில் இரண்டு, குளோரின்கள் கையில் ஏழேழு. எட்டானால்தான் குளோரினுக்கு நிறைவு; இரண்டையும் கொடுத்துவிட்டால்தான் மக்னீசியத்துக்கு நிம்மதி. வளையல் கைமாறியதும் அவளுக்கு நேர்மின்சுமை, எங்களுக்கு எதிர்மின்சுமை. அந்த ஈர்ப்பில் ஆளுக்கொரு பக்கம் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரே மின்சுமை ஒன்றையொன்று தள்ளும் என்பதால் குளோரின்கள் இரண்டும் விலகி நிற்க வேண்டும். அதை மட்டும் நாங்கள் ஒத்திகையே இல்லாமல் சரியாகச் செய்தோம்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து பஸ்ஸில் அவள் பக்கத்து இடம் என்னுடையது. புதியவளும் அதே பஸ்தான். தேயிலைக்காட்டில் யானை வந்த கதையை அவள் அளப்பாள். என் சிநேகிதி வாய் பிளந்து கேட்பாள். ஒருநாள் இருவரும் எனக்கு முன்பே ஏறிச் சேர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் கம்பியைப் பிடித்தபடி ஊர்வரை நின்றே போனேன். ஒண்டவந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டிய கதைதான்.

பாடத்தில் ஆக்சிஜன் வந்ததும் எனக்கு வழி பிறந்தது. அதன் வெளிச்சுற்றில் ஆறுதான். மக்னீசியத்தின் இரண்டையும் அது ஒன்றே வாங்கிக்கொள்ளும், மூன்றாவது ஆளே வேண்டாம். விழாவன்று மேடை ஏறும்முன் ஒரு வளையலைக் கழற்றிப் புத்தகப்பைக்குள் போட்டேன்.

மேடையில் சிநேகிதி எனக்கு ஒன்றைப் போட்டாள். ஏழாயிற்று. நீட்டிய கையை நான் மடக்கவில்லை. அவள் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி மற்றதைப் புதியவளுக்குப் போட்டுவிட்டாள்.

போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த டீச்சர், "ஏம்மா, உனக்கு எட்டு வரலையே?" என்றார்.

நான் வாயைத் திறக்கும்முன் சிநேகிதி சொன்னாள்: "மேடை ஏறும்போது ஒன்னு ஒடஞ்சு போச்சுங்க டீச்சர்."

இறங்கியதும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "எங்க ஒளிச்சு வெச்சே? எடு. ஒன்னைக் கழட்டிப்போட்டா நீ ஆக்சிஜன் ஆயிருவியா? உள்ளுக்குள்ள நீ குளோரின்தான் புள்ள."

"அவளுக்கு எதுக்குக் குடுத்தே?" அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"உனக்கு வேண்டியது ஒன்னு, அதைக் குடுத்தாச்சு. அப்புறம் உனக்கென்ன கொறை?" என்றபடி என் பையிலிருந்து எடுத்த எட்டாவது வளையலை என் கையில் மாட்டினாள்.

எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. மாலை பஸ்ஸில் அவள் நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். அவள் தலை எந்தப் பக்கம் சாயப்போகிறது என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே போனேன். நிமிர்ந்தால், அந்தப் பக்கம் புதியவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.