துப்பாக்கி உதைத்த தோள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஐப்பசி மாதக் காலை. கீழ்வேளூருக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. சம்பா நடவு அப்போதுதான் முடிந்திருந்தது. மடையைத் திறந்துவிடலாம் என்று குனிந்தவன், அப்படியே சேற்றில் விழுந்துவிட்டேன். பக்கத்து வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்தான் தூக்கிக் கரையில் உட்கார வைத்தார்கள். நாடி பார்த்த உள்ளூர் டாக்டரின் முகம் மாறிவிட்டது. இதயம் மிக மெதுவாகத் துடிக்கிறது, உடனே தஞ்சாவூருக்குப் போங்கள் என்றார்.

நான் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் திரும்பியதும் ஒரு வங்கிக் கிளையில் துப்பாக்கிக் காவலராகச் சேர்ந்தேன். மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சம்பளம் எங்களுக்கு ரொம்ப முக்கியம்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பேஸ்மேக்கர் வைத்தாக வேண்டும் என்று சொன்னார்கள். டாக்டர் பொறுமையாக விளக்கினார். காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை வைத்து, அதிலிருந்து ஒரு வயரை இதயத்துக்குள் விடுவார்களாம். "நீங்க வலது கைக்காரர்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப இடது பக்கம் வைக்கிறோம். வழக்கமா அப்படித்தான்" என்றார். நான் சாப்பிடுவதும் எழுதுவதும் வலது கையால்தான். அதனால் வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் காலை என்னைத் தயார்செய்ய ஒரு நர்ஸ் வந்தார். அதிராம்பட்டினத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்துகொண்டேன். முப்பது வயதிருக்கும். இடது மார்பில் மழித்துக்கொண்டே வந்தவர், தோளுக்குச் சற்றுக் கீழே வந்ததும் நிறுத்திவிட்டார். அந்த இடம் கன்றிப்போய், மஞ்சளும் பச்சையுமாக இருந்தது.

"இது வயல்ல விழுந்த அடிங்களா ஐயா?"

எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள் போலிருக்கிறது. அதற்கு முன் யாரும் கேட்கவில்லை.

"இல்லம்மா. துப்பாக்கி உதைச்ச இடம்."

அவருக்குப் புரியவில்லை. வங்கிக் காவலர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை சுடும் பயிற்சி உண்டு, சுடும்போது துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிக்கும் என்று சொன்னேன். முந்தைய வாரம்தான் அந்தப் பயிற்சி நடந்தது. துப்பாக்கியின் பின்கட்டையைத் தோள்குழியில் இறுக்கி அணைத்துப் பிடித்தால் உதை உடம்பு முழுவதும் பரவிவிடும். இடைவெளி விட்டால் அந்த ஒரே இடத்தில் இடிக்கும். ராணுவத்தில் முதல் வாரத்தில் கற்றுக்கொடுத்த பாடம் அது. இத்தனை வருடத்தில் எனக்குத் தோள் கன்றியதே இல்லை. ஆனால் அன்று தலை கிறுகிறுத்துக்கொண்டே இருந்தது, கைப்பிடி தளர்ந்துவிட்டது. வெயில் என்று நினைத்தேன். இதயம்தான் காரணம் என்று அப்போது தெரியாது.

"கையெழுத்து வலது கையிலதானே போட்டீங்க? துப்பாக்கி மட்டும் எப்படி இந்தப் பக்கம்?"

"எனக்குக் குறி பார்க்கிற கண்ணு இடது கண்ணும்மா. அதனால சேர்ந்தப்பவே இடது தோளுக்கு மாத்திவிட்டாங்க."

அவர் அந்தக் கன்றிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குப் பக்கத்துலதானே ஐயா மெஷின் வைக்கப் போறாங்க?" என்றார், பாதி தனக்குத்தானே கேட்டுக்கொள்வதுபோல.

அதற்குள் என்னை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டி வந்துவிட்டது. வண்டி கொண்டுவந்தவர் அவசரப்படுத்தினார். "டாக்டர் உள்ள ரெடியா இருக்காரு. இதெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம் சிஸ்டர்."

"அப்புறம் கேட்டு என்ன பண்றது? ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு அவர் விறுவிறுவென்று உள்ளே போனார்.

டாக்டர் தலையில் தொப்பியோடு வெளியே வந்தார். கன்றிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "வேலைக்குத் திரும்பப் போகணுமா? இல்ல துப்பாக்கிய விட்டுடறீங்களா?" என்றார்.

"போகணும் சார். பொண்ணு படிச்சுக்கிட்டிருக்கு."

"அப்ப இந்தப் பக்கம் வேணாம். துப்பாக்கி அங்க இடிச்சா வயர் உடைஞ்சுபோகலாம், மெஷினுக்கும் ஆபத்து. உங்களுக்கு அந்த மெஷின நம்பித்தான் இதயம் ஓடப்போவுது. வலது பக்கம் வெச்சிடலாம்." பிறகு அந்த நர்ஸைப் பார்த்து, "நான் கேட்டிருக்கணும். நல்லவேளை நீங்க கேட்டீங்க" என்றார். நர்ஸ் அதற்குள் வலது பக்கத்தை மழிக்க ஆரம்பித்துவிட்டார்.

வாசலில் நின்றிருந்த என் மனைவிக்கு, ஏன் தாமதம் என்று தெரியாமல் முகம் வெளுத்துப்போயிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அந்த நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சில மாதங்கள் கழித்து, டாக்டரின் அனுமதியோடு வேலைக்குத் திரும்பினேன். மறுபக்கம் என்றாலும் உதையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அடுத்த பயிற்சி வந்தபோது எனக்கு உள்ளூர பயம். என்னோடு வந்த இன்னொரு வங்கிக் காவலர் மன்னார்குடிக்காரர், அவரும் முன்னாள் ராணுவக்காரர். துப்பாக்கிக் கட்டையின் முனையில் ரப்பர் பட்டை மாட்டிவிட்டு, தோட்டாப் பெட்டியைப் பார்த்தார். அதில் இருந்தவை பெரிய ரவை, அதாவது பருத்த ஈயக் குண்டுகள், போட்ட தோட்டாக்கள்.

"காட்டுப்பன்னிய அடிக்கிற தோட்டா அண்ணே இது. குறி அட்டைய அடிக்க இது எதுக்கு? சின்ன ரவையே போதும், உதையும் குறையும்" என்று சிரித்தார். பயிற்சி அதிகாரியிடம் அவரே பேசிச் சின்ன ரவைத் தோட்டா வாங்கிக் கொடுத்தார்.

இறுக்கி அணைத்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து நின்று விசையை இழுத்தேன். இடது தோளில் ஒரு தள்ளு. அவ்வளவுதான். வலது பக்கத்தில் கருவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. துப்பாக்கியை இறக்கி வைத்த பிறகுதான் கண் கலங்கியது எனக்கே தெரிந்தது.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது அந்த நர்ஸைத் தேடிப் பிடித்தேன். மனைவி ஒரு டப்பா நிறைய அதிரசம் கொடுத்துவிட்டிருந்தாள். அவர் என்னைக் கொஞ்ச நேரம் யோசனையோடு பார்த்தார்.

"மன்னிச்சுக்கங்க ஐயா, நினைவு வரலை. எந்த வார்டுல இருந்தீங்க?"

நடந்ததைச் சொன்னேன். "அப்படியா, நல்லா இருக்கீங்கல்ல?" என்று சந்தோஷமாகக் கேட்டார். அதற்குள் யாரோ கூப்பிட, டப்பாவை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார்.

மகள் இப்போது படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள். நான் இன்னும் வங்கி வாசலில் அதே துப்பாக்கியோடு நிற்கிறேன். தனக்கு நினைவில்கூட நிற்காத ஒரு கேள்வியை, அவசரப்படுத்திய ஆளையும் நிறுத்திவைத்து எனக்காகக் கேட்ட அந்தப் பெண்ணை, ஒவ்வொரு நாளும் சட்டையை மாட்டும்போது வலது மார்பில் இருக்கும் தழும்பைப் பார்த்து நான் நினைத்துக்கொள்கிறேன்.